யனாகா: தீ தொடாமல் விட்ட தெருக்கள்

டோக்கியோவில் பழைய தெரு என்று ஒன்றைக் காண்பது அரிது. 1923 நிலநடுக்கமும் அதையொட்டிப் பரவிய தீயும் பாதி நகரத்தை அழித்தன. மிஞ்சியதில் பெரும்பகுதியை 1945இல் அமெரிக்கக் குண்டுகள் எரித்தன. இரண்டிலும் பெருமளவு தப்பித்த குடியிருப்பு யனாகா. நிப்போரி ரயில் நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து சில நிமிட நடைதான்.

எதோ என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவை 1657இல் பெருந்தீ விழுங்கிய பிறகு, நகரின் நடுவிலிருந்த பௌத்த ஆலயங்கள் பல யனாகா மேட்டுக்கு இடம்பெயர்ந்தன. இன்றும் எழுபது ஆலயங்கள் அளவுக்கு இருக்கின்றன. கோயில் நிலமும் கல்லறை நிலமும் லேசில் கைமாறாது. யனாகாவைக் காத்ததில் இதற்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

ஜப்பானின் கடைசி ராணுவ ஆட்சியாளர் (ஷோகன்) தொகுகாவா யோஷினொபு அடங்கியிருக்கும் யனாகா கல்லறைத் தோட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தது அவர் சமாதி அல்ல. காவல் சாவடிக்குப் பக்கத்தில் வேலியிட்ட ஒரு வெற்றிடம். தரையோடு தரையாக வரிசை வரிசையாய்ப் பதிந்த அடித்தளக் கற்கள். தென்னோஜி ஆலயத்தின் ஐந்தடுக்குக் கோபுரம் நின்ற இடம் அது. எழுத்தாளர் கோதா ரோஹானின் புகழ்பெற்ற நாவலுக்குக் கருவானது இந்தக் கோபுரம். போரையே தாங்கிய அது, 1957 ஜூலையில் சேர்ந்து சாகத் துணிந்த ஒரு ஜோடி வைத்த தீயில் ஒரே இரவில் போயிற்று. நெஞ்சு கனத்தது.

மேட்டிலிருந்து இறங்கினால் ஹெபிமிச்சி. மூடப்பட்ட ஐசோமெ ஆற்றின் மேல் போட்ட தெரு. ஆறு வளைந்தபடியே தெருவும் வளைகிறது. வாசலுக்கு வாசல் பூந்தொட்டிகள், சுவரில் சாய்த்த சைக்கிள்கள். யனாகாவில் வேறோர் இடத்தில், முன்பு பொதுக் குளியலகமாக இருந்த ஒரு கட்டடம் 1993 முதல் கலைக்கூடமாக இயங்குகிறது. புகைபோக்கி அப்படியே நிற்கிறது. வாசலில் செருப்பு வைக்கும் மரப்பெட்டிகளும் அப்படியே.

ஆனால் யனாகா தன் அருமையை உணரக் காரணமானவர்கள் என்று நான் கருதுவது, மோரி மாயுமியும் அவருடைய தோழியர் இருவரும். குழந்தை வளர்த்துக்கொண்டிருந்த இந்தப் பெண்கள் 1984இல் ஒரு சிற்றிதழ் தொடங்கி, முதியவர்களின் நினைவுகளை வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். பக்கத்து நெசு, செந்தாகி பகுதிகளையும் சேர்த்து ‘யநெசென்’ என்ற பெயர் ஊரறியப் பரவியது அந்த இதழால்தான். 2009 வரை வந்தது. இடிக்கவிருந்த கட்டடங்களுக்காகவும் குரல் கொடுத்தார்கள். அருகிலுள்ள உவெனோவின் பழைய இசை அரங்கம் இன்று நிற்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.