மூணே மூணு பாட்டு

"கர்நாடக சங்கீதம் கேக்க ஆரம்பிக்கணும், மூணே மூணு அனுப்புங்க சித்தப்பா"ன்னு அண்ணன் பொண்ணு கேட்டா.

மூணா?

ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ஆலாபனை. சாகித்யமே வேணாம், நாகஸ்வரம் போதும்.

மதுரை மணி ஐயரோட 'எப்போ வருவாரோ'. கோபாலகிருஷ்ண பாரதியார் உருகி உருகி எழுதினதை, ஜோன்புரில இவர் அப்படியே கொண்டு வந்து நிறுத்துவார்.

எம்.டி.ராமநாதனோட ஹிந்தோளம். 'சாமஜ வர கமனா'. அவசரமே கிடையாது மனுஷனுக்கு.

அப்போ எம்.எஸ்.?
மாலியோட புல்லாங்குழல்?
லால்குடியோட மோகன கல்யாணி தில்லானா?

எல்லாத்தையும் அனுப்பிட்டேன்.

பதில் வந்துச்சு: "சித்தப்பா, இது கல்யாண மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு."

நமக்கு ஆகாத வேலை. நீங்க சொல்லுங்க மக்களே, புதுசா கேக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா, எதைக் குடுப்பீங்க?