பத்து மலையிலிருந்து பூலாவ் செபாங் வரை

கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வரும் தமிழர்களைப் பெரும்பாலும் வேனில்தான் அழைத்துப் போகிறார்கள். காலையில் பத்து மலை, மதியம் இரட்டைக் கோபுரம், மாலையில் மஸ்ஜித் இந்தியாவில் புடவைக்கடை. ஒரு நாளாவது அந்த வேனை விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். பத்து மலையில் கிளம்பி, நகரத்துக்குள் புகுந்து, சிரம்பானைத் தாண்டிப் பூலாவ் செபாங் வரை போகிற பாதை அது. எங்கள் முன்னோர் உழைத்த இடங்கள் அதன் இரு பக்கமும் இருக்கின்றன.

பத்து மலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த 272 படிகளும் 2018-இல் அவற்றுக்குப் பூசிய வண்ணங்களும் எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன. முன்பு சரக்கு வண்டிகள் போன பத்து மலைக் கிளைத் தடம் 2010-இல் மின்பாதையான பிறகுதான் கொமுட்டர் மலையடி வரை வந்தது. வண்டி நகர்ந்ததும் மூன்று நிறுத்தங்கள் மளமளவென்று கழிந்துவிடும். அடுத்தது செந்தூல். அங்கே இறங்குங்கள்.

நான் வளர்ந்தது செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பெரிய ரயில் பட்டறை எங்கள் வீட்டுக்கு எதிரே. தமிழ்நாட்டுக் கூலிகள், யாழ்ப்பாணத்து எழுத்தர்கள், மலையாளிகள், சீக்கியர்கள் எல்லாரும் அதில் வேலை பார்த்தார்கள். ஜப்பானியர் கையில் இருந்தபோது, 1945-இல், நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுப் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கின. போருக்குப் பிறகு மறுபடி எழுப்பினார்கள். அப்பா அங்கே பிட்டர். மாலைச் சங்கு ஊதியதும் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைத் தேய்ப்பார். நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் போகாது.

பத்து மலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை காலத்தில், 1892-இல், அங்கே தைப்பூசம் தொடங்கியது. நகரத்து மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் மலைக்குப் போகும் வழி, எங்கள் செந்தூலை ஒட்டிய ஈப்போ சாலை. ரதம் வரும் இரவில் செந்தூலில் யாரும் படுக்க மாட்டார்கள். பட்டறைக்காரர்கள் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, பட்டறைச் சுத்தியலால் அப்பா உடைப்பார். நாங்கள் அள்ளி அள்ளிச் சிராப் தண்ணீர் டிரம்மில் கொட்டுவோம். "குழந்தைகளுக்கு முதல்ல குடுங்கடா" என்று அடுத்த வீட்டு அண்ணன் அதட்டுவார். தூரத்தில் உறுமி கேட்டதும் கூட்டம் ஒரே பக்கம் திரும்பும். சீனக் கடைக்காரர்கள் சாலையில் தேங்காய்களைக் குவித்து வைத்துக் காத்திருப்பார்கள். ரதம் நெருங்கும்போது அத்தனையும் சிதறும். சாலையெல்லாம் இளநீர் ஓடும். அப்பா நகக்கண்ணில் கிரீஸோடு கை கூப்புவார். அவர் வாங்கித் தரும் விபூதியில் எனக்கு எண்ணெய் வாசமும் சேர்ந்தே அடிக்கும்.

இப்போது பட்டறை வேலை பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய கூடங்கள் கூரை இற்று, செங்கல் இடுக்கில் ஆலங்கன்று முளைத்துக் கிடக்கின்றன. பக்கத்திலேயே பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-இல் நாடக அரங்கமாக உயிர் பெற்றது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஒரே ஒரு கூடத்தையாவது பழுது பார்த்து, அந்தத் தொழிலாளிகளின் கருவிகளையும் பெயர்களையும் வைத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் இந்த நகரம் புரியும். நாட்டின் தண்டவாளத்தை ஓட வைத்தவர்களுக்கு இதுகூடச் செய்யாதது அநியாயம்.

மறுபடி வண்டி ஏறினால் கோலாலம்பூர் பழைய நிலையம். கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1910-இல் திறந்தது. 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்ததும் நெடுந்தூர வண்டிகள் அங்கே மாறிவிட்டன. இங்கே கொமுட்டர் இப்போதும் நிற்கிறது. வெளியே நின்று படம் எடுப்பவர்கள் உள்ளே வந்து நடைமேடைக் கூரையையும் பாருங்கள். அடுத்து சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசாமி கோயில் இருக்கிறது. ரயில்வே, அரசு ஊழியர்கள் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ குடியிருப்பு இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள்.

பிறகு காஜாங், சாத்தே சாப்பிட. நீலாய், லாபு, சிரம்பான் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது செம்பனையும் புதுக் குடியிருப்புகளும். பூலாவ் செபாங்கில் கொமுட்டர் முடிகிறது. தம்பின் பட்டணம் பக்கத்திலேயே. மலாக்காவுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து சாலை வழியே போகலாம். கோலாலம்பூர் திரும்புகிறவர்கள் செந்தூலைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.