ஒற்றைக்கால் ஓய்வு

நாமக்கல்,
தை மாதம்

அன்புள்ள நண்பருக்கு,

கடற்கரை மணலில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னொரு கால் வலையில் சிக்கி அறுந்திருக்குமோ என்பது உங்கள் கவலை. கடலே இல்லாத இந்தச் சமவெளியிலும் அதற்கு விடை இருக்கிறது. சேலத்து மூக்கனேரி முதல் நாமக்கல் தூசூர் ஏரி வரை, நீர் வற்றிச் சேறு தெரியும் ஓரங்களில் பனிக்காலத்தில் கரைப்பறவைகளைக் காணலாம். பொறி உள்ளான் ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதிச் சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. நெடுங்கால் உள்ளான் நம் நாட்டிலேயே முட்டையிடுவது. இரண்டும் ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி, அலகை முதுகில் செருகி ஓய்வெடுக்கும். இப்படி ஓய்வெடுக்கும் கரைப்பறவைகள் சில, ஆள் நெருங்கினால்கூட மடக்கிய காலை ஊன்றாமல் தத்தித் தத்தியே நகரும். ஊனமோ என்று நினைக்க வைப்பது அதுதான். எழுந்து பறக்கும்போது பெரும்பாலும் இரண்டு காலும் தெரிந்துவிடும்.

இந்த நிலை சோம்பலும் அல்ல, வேடிக்கையும் அல்ல. உடலின் சூட்டையும் சக்தியையும் சேமிக்கும் வேலை. இறகு மூடாத கால் வழியாகவும் அலகு வழியாகவும் சூடு வெளியேறுகிறது. 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பூநாரைகளைக் கவனித்தபோது, குளிர் கூடக்கூட அவை ஒற்றைக்காலில் நிற்பதும் கூடியது. 2017-இல் ஆஸ்திரேலியக் கரைப்பறவைகளை ஆராய்ந்தவர்கள், குளிரில் அலகைச் செருகும் பழக்கம் பெரிய அலகுள்ள இனங்களில் அதிகம் என்று கண்டார்கள். எந்த உறுப்பு சூட்டை அதிகம் இழக்குமோ அதையே பறவை மூடிக்கொள்கிறது.

சேலம், நாமக்கல் போன்ற வெயில் ஊர்களில் சூட்டை எதற்குச் சேமிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பறவையின் உடல் ஏறக்குறைய 40 டிகிரிச் சூடுள்ளது. தை மாத விடியலில் ஏரித் தண்ணீர் அதைவிட மிகவும் குளிர்ந்தது. நீரோ காற்றைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். வெப்பத்திலும் ஒற்றைக்காலில் நிற்கின்றனவே என்றால், அதற்கும் காரணம் உண்டு. இறந்த பூநாரையின் உடலைக்கூட எந்தத் தசையின் உதவியும் இல்லாமல் ஒற்றைக்காலில் நிறுத்த முடியும், இரண்டு காலில் முடியாது என்று 2017-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. பூநாரையின் எலும்பமைப்பை உள்ளானுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது; ஆனாலும் ஓய்வின் தோற்றத்துக்குப் பின்னால் உடலமைப்பின் கணக்கு இருக்கிறது என்பது தெளிவு.

கிட்டே போனால் பறவை பறந்துவிட்டுத் திரும்பி வரத்தானே போகிறது, அதில் என்ன நஷ்டம் என்பவர்களும் உண்டு. பறவை செய்யும் வேலைகளிலேயே அதிகச் சக்தி கேட்பது பறப்பதுதான். பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்பும் பொறி உள்ளானுக்கு, அதற்குள் உடலில் சேரும் கொழுப்பே வழிச்செலவு. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அதிலிருந்து கொஞ்சம் கரைகிறது. தூக்கமும் கெடுகிறது. வாத்துகளில் கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவை ஒரு கண்ணைத் திறந்தபடி, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிடுகின்றன என்று 1999-இல் நிறுவப்பட்டது. பயம் கூடினால் காவல் கூடும், உறக்கம் குறையும்.

ஆகவே ஏரியைச் சீரமைக்கிறவர்கள் இரையைப் போலவே ஓய்விடத்தையும் நினைக்க வேண்டும். மூக்கனேரியை 2010-இல் மக்கள் சேர்ந்து மீட்டபோது, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்தார்கள். ஆளும் நாயும் எளிதில் எட்டாத அத்தகைய திட்டுகள் பறவைக்குப் பெரிய துணை. கரை முழுவதும் கல் பதித்து நடைபாதை போட்டால் ஏரி அழகாகத் தெரியலாம். உள்ளானுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. ஒரு பக்கச் சரிவையாவது சேறாகவே விட்டுவைக்கச் சொல்லி ஊர்க்கூட்டங்களில் கேட்போம். உங்கள் கடற்கரையிலும் கூட்டமாக ஓய்வெடுக்கும் பறவைகளைக் கண்டால் விலகிச் சுற்றிப் போங்கள். பிள்ளைகளுக்கும் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்