காற்றை வேண்டாத அகமெம்னான்

கிரேக்க நாடகம் படித்தவர்க்கு அகமெம்னான் என்றதும் ஆலிஸ் துறைமுகம் நினைவில் எழும். டிராய் நோக்கிப் புறப்பட்ட படை, சாதகமான காற்றின்றி அங்கே முடங்கிக் கிடக்கிறது. காற்று வேண்டுமெனில் மகள் இபிஜினியாவைப் பலியிட வேண்டும் என்கிறான் நிமித்திகன். தந்தை இசைகிறான். வகுப்பில் இந்தக் கட்டத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சற்று நேரம் பேச்சற்றுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, 1866 ஏப்ரலில் லிவர்பூலிலிருந்து சீனத்துக்குப் புறப்பட்ட சரக்கு நீராவிக் கப்பலொன்றின் பெயரும் அகமெம்னான் என அறிந்தபோது திகைத்தோம். காற்றுக்காக மகளைக் கொடுத்தவன் பெயர், காற்றை நம்பியிராத கப்பலுக்கு!

கப்பலின் உரிமையாளர் ஆல்ஃபிரட் ஹோல்ட், பருத்தித் தரகர் ஒருவரின் மகன். ரயில்வேயில் பயின்ற பொறியாளர். தம் கப்பல்களுக்கு ஹோமரின் காவியங்களிலிருந்தே பெயர் எடுத்தார். அகமெம்னானுடன் ஏஜாக்ஸ், அக்கிலீஸ் என இன்னும் இரண்டு. ஹோமரில் அந்தப் பலிக்கதை இல்லை. அது பிற படைப்புகளில் வருவது. ஹோல்ட் அதை எண்ணியிருக்க வேண்டியதில்லை.

அவர் எண்ணியது நிலக்கரியை. அந்நாளைய நீராவிக் கப்பல் நெடுந்தொலைவு போவதென்றால், வண்டி மாடே வழியில் பாரத்தைத் தின்று தீர்த்த கதைதான். கரிக்கு இடம் ஒதுக்கியபின் சரக்குக்கு இடமிராது. ஹோல்ட் கண்ட வழி எளியது: ஒரு சிறிய உருளையில் வேலை செய்து வெளியேறும் ஆவியை வீணாக்காமல், பெரிய உருளையொன்றில் மீண்டும் வேலை வாங்குவது. அதற்குக் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் தேவை. அக்காலத்தில் பலர் அஞ்சிய அளவு அது. 1864 இல் கிளீட்டர் என்ற தம் பழைய கப்பலில் சோதித்துப் பார்த்தார். பிறகே அகமெம்னானைக் கட்டுவித்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 டன் கரியில் ஓடிய அக்கப்பல், மொரிஷியஸ் வரை 8,500 மைல் வழியில் கரி ஏற்றாமலே சென்றது. பாய்மரங்களும் இருந்தன, ஹோல்ட் எச்சரிக்கையான மனிதர்.

அதே 1866 இல்தான் பாய்க்கப்பல்களின் புகழ்பெற்ற தேயிலைப் பந்தயம் நடந்தது. ஃபூசௌவிலிருந்து லண்டனுக்கு 99 நாட்கள். ஹோல்ட்டின் கப்பல்களுக்கு இரண்டு மாதமளவே போதுமானதாயிற்று. 1869 நவம்பர் 17 அன்று சூயஸ் கால்வாய் திறந்தது. ஐந்தே நாள் கழித்து, தேயிலைக்கென்றே கட்டப்பட்ட கட்டி சார்க் நீரில் இறங்கியது. காலம் தவறிப் பிறந்த அழகி! அவள் இன்றும் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கிறாள். அவளை வென்ற இரும்புக் கப்பலோ 1899 இல் உடைக்கப்பட்டது. வென்றதைக் காட்டிலும் தோற்றதை உலகம் பேணி வைப்பது இலக்கியத்தில் மட்டுமல்ல போலும்.

எனினும் நம் மனம் உலையறையிலேயே நிற்கிறது. 20 டன் என்பது ஹோல்ட்டுக்குச் சிக்கனம். கரி அள்ளியவர்க்கு அது ஒவ்வொரு நாளும் கையால் அள்ளிப் போட்ட சுமை. பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் உலையறைகளில் பெரும்பாலும் சீனர்களே உழைத்தனர். லிவர்பூலின் சீனக் குடியிருப்பு அவர்களால் வளர்ந்தது. பலர் அந்நகரப் பெண்களை மணந்தனர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கப்பல்களை ஓட்டியவர்களில் அவர்களும் இருந்தனர். போர் முடிந்ததும், 1945-46 இல், பிரிட்டிஷ் அரசு சீன மாலுமிகளில் நூற்றுக்கணக்கானோரை மறைவாகத் திருப்பியனுப்பியது. தந்தை தம்மைக் கைவிட்டுப் போனார் என்றே நம்பி வளர்ந்த பிள்ளைகள் பலர், உண்மையை அறிந்தது தலை நரைத்தபின்.