இடது கைக்கு இரண்டு விரல் போதும்



சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் நம் பிள்ளைகள் பலர் ஜாஸ் என்றாலே ஒதுங்கிவிடுகிறார்கள். அது நமக்கு ஒத்துவராது என்கிறார்கள். 2015-ல் மறைந்த ஜாஸ் பியானோ கலைஞர் மாதவ் சாரி நம் சென்னையில் இருந்தவர்தான். ‘ஆல்டர்டு டாமினன்ட்’ என்ற பெயர்தான் மிரட்டுகிறது. உள்ளே இருப்பது நாலே சுரம்.

பாட்டு சி-யில் முடிகிறது என்று வையுங்கள். அதற்கு முந்தைய கார்டு ஜி7: ஜி, பி, டி, எஃப். இதில் எஃப்பும் பி-யும்தான் உயிர். ஜி-யை பேஸ் கிட்டார் பார்த்துக்கொள்ளும். டி வேண்டாம். இடது கையில் நடு சி-க்குச் சற்றுக் கீழே எஃப், பி. வலது கையில் அதற்கு மேலே ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட். அப்படியே நிறுத்தினால் காதில் புளிக்கும். உடனே எஃப்பை ஈ-க்கும், ஈ ஃபிளாட்டை டி-க்கும், ஏ ஃபிளாட்டை ஜி-க்கும் இறக்குங்கள். பி அசைய வேண்டாம். மூன்று விரல் அரைச்சுரம் நகர்ந்தது, அவ்வளவுதான். அந்தப் புளிப்பு இருந்ததால்தான் இந்த இனிப்பு.

கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சுரங்கள் 23-வது மேளமான கௌரிமனோகரியில் இருப்பவை. ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜி தானே பாடி, தானே வீணையும் மிருதங்கமும் வாசிப்பாரே, அந்த ராகம். ஏ ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்து, அதன் நிஷாதமான ஜி-யிலிருந்து கிரக பேதம் செய்து பாருங்கள். பஞ்சமம் கிடைக்காது. அதனால் மேளகர்த்தா ஆகாது. 72-ல் இடம் கிடைக்காத அந்த வரிசைதான் ஜாஸில் ஆல்டர்டு ஸ்கேல்.

திருவொற்றியூரில் என் பழைய மாணவன் ஒருவன். எண்ணூரில் ஷிஃப்ட் வேலை. ஒரு விபத்தில் இடது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் பாதியாகிவிட்டன. “இனி எதுக்கு சார்?” என்று கீபோர்டுக்கு உறை போட்டுவிட்டான். இந்தக் கார்டை அவனுக்குத்தான் முதலில் காட்டினேன். எஃப்புக்குச் சுண்டுவிரல், பி-க்குக் கட்டைவிரல். மற்ற விரல்களுக்கு அங்கே வேலையே இல்லை. போன ஞாயிறு ராயபுரத்தில் ஆராதனை முடிவில் வாசித்தான். பாடகர் குழுவே திரும்பிப் பார்த்தது.

கை சரியில்லை, வயசாகிவிட்டது என்று நீங்களும் உறை போட்டு வைத்திருந்தால் இன்று ராத்திரி எடுத்துவிடுங்கள்.

வீட்டுப்பாடம்: அதே நாலு சுரத்துக்கு அடியில் ஜி-க்குப் பதில் டி ஃபிளாட் வையுங்கள். அதுவும் சி-க்கே வந்து சேரும். ஏன் என்று கண்டுபிடித்துக் கீழே எழுதுங்கள். பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், தெரியுமல்லவா!