பகலில் தெரியாத அருந்ததி

மெகா தொடரில் கல்யாணம் வந்தால் இந்தக் காட்சி தப்பாது: புரோகிதர் சொல்ல, மாப்பிள்ளை ஆகாயத்தைக் காட்டுவான், பெண் அண்ணாந்து பார்ப்பாள். பட்டப்பகலில் நட்சத்திரம் ஏது? காமிரா அவள் கண்ணீரில் போய் நிற்கும். வசிஷ்டரைப் பிரியாத அருந்ததியாக அவள் இருக்க வேண்டும். அவனுக்கு உபதேசம் கிடையாது.

அருந்ததியை நான் நிஜமாகவே பார்த்தது மறையூரில். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் வரும் ஊர். சந்தனக் காடு, பாறைமேல் முனியறைகள். அந்தக் கற்திட்டைகளை எழுப்பியவர்களும் இதே ஜோடியைப் பார்த்திருப்பார்கள். மே மாத இரவு, ஒன்பது மணிக்குமேல் வடக்கே சப்தரிஷி மண்டலம். வாலின் நடுவில் வசிஷ்டர். ஒட்டினாற்போல், மங்கலாக அருந்ததி. வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிந்தன.

80 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் இந்த வசிஷ்டர், தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவார். அந்த ஒவ்வொன்றும் மறுபடி இரட்டை! அருந்ததிக்கும் மங்கலான துணை உண்டென்று 2009இல் கண்டுபிடித்தார்கள். ஆக, மொத்தம் ஆறு. (கதாசிரியர்கள் காதில் விழாதிருக்கட்டும்.)

இரட்டை நட்சத்திரத்தில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது சுற்றிவருவதில்லை. நடுவிலுள்ள பொது மையத்தை இரண்டுமே சுற்றுகின்றன. கனமானது குறைவாக நகரும், அவ்வளவுதான். எந்தத் தொடரிலும் புரோகிதர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.