நான்கு பேர் மிஞ்சிய வட்டம்



ஒரு மாணவர் அமைப்பு தொடங்கிய நாளுக்குப் படம் இருக்கும். பேனர் இருக்கும், சிறப்புரை ஆற்றியவர் பெயர் இருக்கும். கடைசிக் கூட்டத்துக்கு எதுவும் இருக்காது. அதுதான் கடைசிக் கூட்டம் என்று அன்றைக்கு வந்தவர்களுக்கே தெரிந்திருக்காது. பாப்பாரப்பட்டியில் எங்கள் அண்ணன்கள் தொடங்கிய வாசிப்பு வட்டமும் அப்படித்தான் படுத்துப்போனது. கொரோனா ஊரடங்குக்குப் பிறகு நாங்கள் அதைக் கையில் எடுத்தபோது வாட்ஸப் குழுவில் அறுபதுக்கு மேல் எண்கள் இருந்தன. கூப்பிட்டால் வருகிறவர்கள் நான்கு பேர். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்தைந்து முப்பது பேர் உட்காருகிறோம். வெளியூர்த் தோழர்கள் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறோம்.

ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தது எங்கள் ஊரில்தான். அவர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் மாலை விழும். அந்த வரலாறு எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரப்பட்டது. எங்கள் காலனிகளின் வரலாற்றை நாங்களாகத்தான் தேடிப் படித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வட்டம் தேவைப்பட்டதற்கு அதுவே ஒரு காரணம்.

வாசகர் வட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சென்னை ஐஐடியின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம். 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. ஓராண்டு ஆனதும் பெயர் தெரியாத ஒரு புகார்க் கடிதம் டெல்லிக்குப் போனது. அங்கிருந்து நிர்வாகத்துக்கு வந்தது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது, ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. இந்தக் கதையை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் எங்களைப் போன்ற சிறு ஊர் வட்டங்களுக்கு அந்தக் கதையில் பாதிதான் உதவும். எங்களை யாரும் தடை செய்யவில்லை. தடை வந்திருந்தால் நான்கு பேர் நாற்பது பேராகியிருப்போம். எங்கள் வட்டம் செத்தது பேருந்து நேரத்தால். மூன்றாமாண்டு முடித்த கையோடு பெங்களூரு கட்டட வேலைக்கும் ஓசூர் கம்பெனிகளுக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட அண்ணன்களால். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, வெளியில் பேசாத காரணம். பயம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது, தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்பக்கம். இன்றைக்கு முதலாமாண்டு சேருகிற தம்பி தங்கைகள் அன்று சின்னக் குழந்தைகள். அவர்களுக்கு நேரடி நினைவு இல்லை. அம்மாக்களுக்கு இருக்கிறது. ஒரு தங்கையைக் கூட்டத்துக்கு அழைக்கப் போனபோது அவள் அம்மா, "படிக்கட்டும் கண்ணு, வேண்டான்னு சொல்லல. சங்கம் கிங்கம்னு மட்டும் வேணாம்" என்றார். இதை விழிப்புணர்வு இல்லாமை என்று மேடையில் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. எரிந்த வீட்டைப் பார்த்தவருக்கு இருப்பதுதான் முழு விழிப்புணர்வு.

ஆகவே பேனர் போடவில்லை. கல்வி உதவித்தொகையில் தொடங்கினோம்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40 என்று ஆக்கியது முதல் மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். சாதிச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்றால் சிக்கல். வருமானச் சான்று பழையதென்றால் சிக்கல். அப்பா பெங்களூரில் சித்தாள் வேலை, அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், பிள்ளை முதல் தலைமுறை. இந்த வீட்டில் யார் இதையெல்லாம் பார்ப்பது? ஒரு மடிக்கணினி, இரண்டு பேர், ஒரு பழைய நோட்டு. சேர்க்கை நடக்கும் மாதங்களில் காலனி காலனியாகப் போய் உட்கார்ந்தோம். "சங்கம் வேணாம்" என்ற அதே அம்மா அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த நோட்டில்தான் ஒரு விவகாரம் மாட்டியது. ஒரு தனியார் கல்லூரி, பட்டியலின மாணவர் ஒருவரிடம் கல்விக்கட்டணத்தை முழுதாக வாங்கியிருந்தது. தவணைக்குப் பணம் கட்டாததால் தேர்வு நுழைவுச்சீட்டைத் தரவில்லை. தமிழ்நாடு அரசின் அரசாணை எண் 92, 2012 செப்டம்பர் 11 தேதியிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி, கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை, வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் என்பது அது. மனுவோடு அரசாணையின் நகலையும் இணைத்து மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அனுப்பினோம். நகல் கல்லூரி முதல்வருக்கும் போனது. மூன்றாம் நாள் நுழைவுச்சீட்டு வந்தது. கட்டிய பணம் திரும்ப வர ஐந்து மாதம். அந்தத் தம்பி இன்று எங்களில் ஒருவர். அரசாணையை நெட்டுருவாக ஒப்பிப்பார்.

பாபாசாகேப் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியபோதும் முதலில் கையில் எடுத்த வேலைகளில் ஒன்று 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி. சோறும் படுக்க இடமும். மகாத் அதற்குப் பிறகுதான்.

கடல் தாண்டியும் இதே கதைதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904-05 கல்வியாண்டில் படித்த ஆறு கறுப்பின மாணவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. வந்தவர்கள் பயந்துபோய் ஒரு படிப்பு வட்டம் அமைத்தார்கள். அதிலிருந்து 1906 டிசம்பர் 4 அன்று ஏழு பேர் உருவாக்கியதுதான் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற மாணவர் சகோதரத்துவ அமைப்பு. வெள்ளை மாணவர்களின் சகோதரத்துவ விடுதிகளில் தங்களுக்கு இடமில்லாத காலத்தில் எழுப்பியது. மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1952இல் இதன் சிக்மா கிளையில் சேர்ந்தார். எங்களுக்குப் பயன்பட்டது கிங் பெயர் அல்ல, அந்தக் கிளையின் அமைப்பு. அது ஒரு கல்லூரிக்கான கிளை அல்ல, நகரத்தின் பல கல்லூரி மாணவர்களுக்குமான ஒரே கிளை. ஒரு கல்லூரியில் நம் ஆட்கள் மூன்று பேர்தான் என்றால் அந்த மூன்று பேரை வைத்து ஏன் ஒரு கிளை நடத்த வேண்டும்?

எங்கள் பிள்ளைகள் தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று நாலா பக்கமும் படிக்கிறார்கள். எல்லோரும் திரும்பி வருவது பாப்பாரப்பட்டிக்குத்தான். பழைய வட்டம் கல்லூரி முடிந்து மாலையில் கூடியது. பேருந்தை விட்டால் வீடு போய்ச்சேர முடியாதவர்கள் அதில் இருந்திருக்கவே முடியாது, முக்கியமாகப் பெண்கள். கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு, காலனிக்குள்ளேயே கொண்டுவந்தோம். அம்மாக்கள் எட்டிப் பார்க்கலாம், என்ன பேசுகிறோம் என்று கேட்கலாம். பெண்கள் பாதிக்குப் பாதி ஆனது அதன் பிறகுதான். சகோதரத்துவம் என்ற சொல்லிலேயே சகோதரன்தானே இருக்கிறான் என்று ஒரு தோழி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கறுப்பினப் பெண்கள் 1908இலேயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்று தனியே தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தியையும் தேடிக் கொண்டுவந்தவர் அவரே. இப்போது நோட்டு அவரிடம்தான் இருக்கிறது.

உட்சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய குழுவின் அறுபது எண்களில் அருந்ததியர் தெருவிலிருந்து இரண்டே இரண்டு. 3 விழுக்காடு உள்ஒதுக்கீட்டைப் பற்றி (2009இல் தமிழ்நாடு கொண்டுவந்தது, 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள்வகைப்படுத்தல் செல்லும் என்றது) நம் ஆட்களே டீக்கடையில் என்னென்ன பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒற்றுமை என்று சுவரில் எழுதி இதைத் தாண்ட முடியாது. இடத்தை மாற்றினோம். ஒரு ஞாயிறு இந்தத் தெரு, மறு ஞாயிறு அந்தத் தெரு. எந்தத் தெருவில் கூட்டமோ அந்தத் தெரு வீட்டில் டீ, மதியம் சில நாள் சோறு. முதல் இரண்டு மூன்று வாரம் "வீட்ல சாப்ட்டு வந்துட்டேன்" என்றவர்கள் இருந்தார்கள். யாரையும் வற்புறுத்தவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஐந்தாறு வாரத்தில் குறிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ஒதுக்கீட்டை வைத்து நடந்த விவாதம் காரசாரமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய், ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

வாசிப்பு இப்படி: சாதியை அழித்தொழித்தல். சத்தமாக, ஆளுக்கு ஒரு பத்தி. லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே ரத்தாகி, 1936இல் பாபாசாகேப் சொந்தச் செலவில் 1500 படி அச்சிட்ட உரை அது என்பதிலிருந்தே தொடங்குவோம். ஒரு நாளைக்கு மூன்று பக்கம் போனால் அதிகம். ஆளுக்கு வாரம் பத்து ரூபாய், இல்லாதவர் தர வேண்டாம். தலைவர், செயலாளர் என்ற பதவிகள் கிடையாது. ஒரு கடைசி ஆண்டு, ஒரு முதலாண்டு, இரண்டு பேர் சேர்ந்து ஓராண்டு பொறுப்பு. மூத்தவர் ஓசூர் போய்விட்டாலும் நோட்டு ஊரில் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி வந்து நிற்கிறது. ஊர்த்தெருவிலிருந்து மூன்று மாணவர்கள், எங்களோடு ஒரே பேருந்தில் போகிறவர்கள், வாசிப்புக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். சாதியை எதிர்க்கும் புத்தகத்தைப் படிக்க வருகிறவரைச் சாதியைச் சொல்லி எப்படி நிறுத்துவது என்கிறார்கள் எங்களில் பாதிப்பேர். காலனிக்குள், வீட்டுக்குள், தங்கைகள் உட்காரும் இடத்துக்குள் கூட்டி வந்து, நாளை அவர்கள் வீட்டில் தெரிந்து ஏதாவது ஆனால் விலை கொடுப்பது யார் என்கிறார்கள் மறுபாதி. 2012ஐப் பார்த்த அம்மாக்கள் மறுபாதியின் பக்கம். வாசிப்பைப் பொது நூலகத்தில் தனியாக வைக்கலாம், உதவித்தொகை நோட்டும் காலனிக் கூட்டமும் இப்படியே தொடரட்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது. வருகிற ஞாயிறு அருந்ததியர் தெருவில் கூடுகிறோம். அந்த அம்மாக்களையும் உட்காரச் சொல்லியிருக்கிறோம்.